மெழுகுவர்த்தித் திரி: சுடருக்கு அளந்து ஊட்டும் நூல்

மெழுகுவர்த்தி புகைந்தால் மெழுகு தரமில்லை என்கிறோம். நடுவில் மட்டும் குழி விழுந்து ஓரத்து மெழுகு அப்படியே நின்றால் மெழுகு ஊற்றிய டம்ளரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு உள்ளே நிற்கும் நூலில்தான் இருக்கும். வீட்டில் மெழுகுவர்த்தி செய்பவர்கள் வாசனைக்கும் நிறத்துக்கும் நாள்கணக்கில் மெனக்கெட்டுவிட்டு, திரியைக் கடைக்காரர் கொடுத்தபடி வாங்கிவந்து விடுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். மெழுகு, டம்ளர், வாசனை மூன்றையும் முடிவுசெய்த பிறகு, அவற்றுக்கென்று சோதித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது திரி.

எரிவது நூல் அல்ல

திரி என்பது ஒரு குழாய். சுடரின் சூட்டில் மேல்மெழுகு உருகிக் குளமாகத் தேங்குகிறது. வேட்டி நுனி தண்ணீரில் பட்டால் ஈரம் மேலே ஏறுவதுபோல, உருகிய மெழுகு நூலிழைகளின் சந்துகள் வழியே ஏறுகிறது. உச்சிக்குப் போனதும் சூட்டில் ஆவியாகிறது. அந்த ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. மெழுகு ஏறிக்கொண்டே இருக்கும்வரை நூல் அதிகம் கருகாது. வெறும் நூலைக் கொளுத்தினால் சில நொடிகளில் சாம்பலாவதும், மெழுகில் நின்றால் மணிக்கணக்கில் தாங்குவதும் இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, உடனே எழும் வெள்ளைப் புகையில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை எரியாமல் குளிர்ந்த மெழுகாவி. லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியைப் பற்றி உரையாற்றிய மைக்கேல் ஃபாரடே, சுடரின் நடுவே ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அந்த ஆவியை வெளியே எடுத்துத் தனியே கொளுத்திக் காட்டினார்.

சுடரின் மஞ்சள் வெளிச்சம் சூட்டில் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களால் வருவது. அந்தத் துகள்கள் சுடரின் வெளி ஓரத்தில், சுமார் 1,400 டிகிரி செல்சியஸ் சூட்டில், காற்றைச் சந்தித்து எரிந்து தீர்ந்தால் புகை இல்லை. திரி அளவுக்கு மீறி மெழுகை ஏற்றினால் காற்று போதாமல் துகள்கள் தப்பித்து வெளியேறும். டம்ளர் விளிம்பிலும் சுவரிலும் படியும் கரி அதுதான்.

ஒரு சாதாரண மெழுகுவர்த்தி மணிக்கு 5 முதல் 6 கிராம் மெழுகைத் தின்கிறது. அது ஏறக்குறைய 70, 80 வாட் வெப்பம். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. இந்த 5, 6 கிராமை 3 ஆக்குவதும் 10 ஆக்குவதும் திரியின் கையில் இருக்கிறது. நூலின் கனம், பின்னலின் இறுக்கம், மெழுகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் ஆகிய மூன்றும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன.

திரி ஏன் தலைசாய்க்கிறது

அகல்விளக்கில் திரியைத் தூண்டிவிட ஓர் ஆள் பக்கத்தில் இருக்கிறார். கருகிய நுனியைத் தட்டிவிடுவதும் திரியை முன்னே தள்ளுவதும் அவர் வேலை. அதனால் அங்கே முறுக்கிய பஞ்சு போதும். மெழுகுவர்த்தியில் அப்படி யாரும் கிடையாது. மெழுகு மட்டம் இறங்க இறங்க, திரியும் தன்னைத்தானே குறைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய ஐரோப்பிய மெழுகுவர்த்திகளில் முறுக்கு நூல்தான் இருந்தது. அது சுடரின் நடுவே நட்டுக்குத்தலாக நின்றது. சுடரின் நடுவில் காற்று இல்லாததால் நுனி எரிந்து தீராமல் கருகி நீண்டது, சுடர் புகைந்தது. அதற்கென்றே செய்த கத்தரியால் அடிக்கடி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். 1820களில் பிரான்சில் காம்பசெரே என்பவர் திரியை முறுக்காமல் பின்னிப் பார்த்தார். தட்டையாகப் பின்னிய திரி எரியும்போது ஒரு பக்கமாக வளைகிறது. வளைந்த நுனி சுடரின் ஓரத்துக்குப் போய்க் காற்றைத் தொடுகிறது, கனன்று சாம்பலாகிறது. கத்தரி வேலை பெருமளவு ஒழிந்தது.

எரியும் மெழுகுவர்த்தியை உற்றுப் பாருங்கள். திரியின் நுனி சற்றே வளைந்து, சுடருக்கு வெளியே ஒரு செம்புள்ளியாகக் கனன்றால் பின்னல் ஒழுங்காக வேலைசெய்கிறது.

எந்தத் திரி எதற்கு

தட்டைப் பின்னல்: மெலிந்த, உயரமான மெழுகுவர்த்திகளுக்கு. மின்வெட்டுக்கு வாங்கி வைக்கும் வெள்ளை மெழுகுவர்த்தி இந்த இனம்.

சதுரப் பின்னல்: தடித்தது, சற்று உறுதியாக நிற்கும். தேன்மெழுகுக்கும் கனத்த தூண் மெழுகுவர்த்திகளுக்கும் ஏற்றது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில்தான் உருகும், உருகினாலும் பிசுபிசுப்பாக இருக்கும். அதே பருமனுள்ள பாரஃபினுக்கு (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெழுகு) வைப்பதைவிட ஒரு படி தடித்த திரி இதற்குத் தேவைப்படும். நட்டுவைக்கும்போது பின்னலில் தெரியும் V வடிவக் கவை மேல்நோக்கி விரிந்திருக்கும்படி பாருங்கள். ஒன்றைத் தலைகீழாகவும் ஒன்றை நேராகவும் வைத்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

உள்கம்பித் திரி: பருத்தி, காகிதம் அல்லது துத்தநாகத்தை நடுவில் வைத்துச் சுற்றிப் பின்னியது. டம்ளரில் மெழுகு முழுதும் உருகிக் குளமானாலும் விழாமல் நிற்கும். நிமிர்ந்தே நிற்பதால் நுனி காற்றுக்குப் போகாது, கரி கட்டும். ஒவ்வொரு முறையும் கையால் நறுக்கத்தான் வேண்டும். முன்பு ஈயக் கம்பியும் வைத்தார்கள். எரியும்போது ஈயம் காற்றில் கலப்பதால் அமெரிக்கா 2003இல் அதைத் தடைசெய்தது. பெயர் தெரியாத பழைய திரியில் கம்பி இருந்தால் உரித்துக் காகிதத்தில் தேய்த்துப் பாருங்கள். பென்சில்போலச் சாம்பல் கோடு விழுந்தால் ஈயமாக இருக்கலாம், எரிக்காதீர்கள்.

மரத்திரி வேறு கதை. மெல்லிய பலகைச் சீவல், அகன்ற தாழ்ந்த சுடர், மெல்லிய படபடப்பு. நறுக்கும் உயரத்தில் கொஞ்சம் பிசகினாலும் அணைந்துவிடும். முதல் மெழுகுவர்த்திக்கு இது வேண்டாம்.

தயாரிப்பாளர்கள் சிடி, ஈகோ, எல்எக்ஸ் என்று வரிசைகளாக விற்கிறார்கள். ஒரே வரிசைக்குள் எண் ஏற ஏறத் திரி தடிக்கும். ஈகோ 10உம் சிடி 10உம் ஒன்றல்ல. மீட்டர் கணக்கில் பெயரில்லாமல் வாங்குகிறீர்கள் என்றால், மெழுகு பூசாத திரியில் 10 மீட்டரை நிறுத்து எழுதிவையுங்கள். அடுத்த முறை வாங்கியது அதே எடை இல்லையென்றால் அது வேறு திரி, பழைய சோதனை செல்லாது.

வீட்டில் திரி செய்வது

நூல் நூற்றுக்கு நூறு பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு முனையைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் கருகும் வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர் கலந்தது, அது மெழுகை ஏற்றாது.

கால் லிட்டர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரையுங்கள். படிகாரம் அல்ல, வெண்காரம். நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். வெண்காரம் வயிற்றுக்குள் போகக் கூடாதது, எனவே சமையல் பாத்திரத்தைத் தவிர்த்து, குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வையுங்கள். நூலை அதில் ஓர் இரவு ஊறப்போட்டு, இரண்டு மூன்று நாள் கொடியில் தொங்கவிடுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் எரியும்போது சடசடவென்று தெறிக்கும். மழைக்காலத்தில் இன்னும் இரண்டு நாள் விடுவது நல்லது.

இந்த உப்புக் குளியல் எதற்கு? சுடர் அணைந்த பிறகும் திரி கங்காகக் கனன்று புகைவதை வெண்காரம் குறைக்கிறது. நூலின் சாம்பலை இளக்கி உதிரவும் வைக்கிறது. இல்லாவிட்டால் சாம்பல் சந்துகளை அடைத்து மெழுகு ஏறும் வழியைக் கெடுக்கும்.

காய்ந்த நூலில் மூன்று இழை எடுத்து, தலைமுடி பின்னுவதுபோல, முழு நீளத்துக்கும் ஒரே இறுக்கத்தில் பின்னுங்கள். ஓரிடத்தில் தளர்ந்தால் அங்கே மெழுகு அதிகம் ஏறும், சுடர் திடீரென்று வளரும். பின்னியதை 75 முதல் 80 டிகிரி வரை சூடாக்கிய மெழுகில் முக்கினால் காற்றுக் குமிழிகள் எழும். குமிழி நிற்கும்வரை, சுமார் 5 நிமிடம், விட்டு எடுத்து, இரண்டு முனைகளையும் இழுத்து நேராக்கிக் காகிதத்தில் ஆறவிடுங்கள். இப்படி முன்பே மெழுகு ஊட்டாத திரி, முதல்முறை கொளுத்தும்போது கீழிருந்து மெழுகு வருவதற்குள் கருகிப்போகும். மெழுகை எப்போதும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம்.

அளவைச் சோதிப்பது

உட்புற விட்டம் 7.5 செ.மீ. உள்ள, 200 மில்லி பிடிக்கும் டம்ளரை எடுத்துக்கொள்வோம். அதில் 160 கிராம் மெழுகு வசதியாகக் கொள்ளும். வாசனை எண்ணெய் 6 சதவீதம் என்றால் சுமார் 10 கிராம். தயாரிப்பாளரின் அட்டவணை இந்த விட்டத்துக்கு ஒரு எண்ணைச் சொல்லும். அந்த எண், அதற்கு ஒன்று கீழே, ஒன்று மேலே என்று மூன்று திரி வாங்கி, மற்ற எதையும் மாற்றாமல் மூன்று டம்ளர் ஊற்றுங்கள். பாரஃபின் என்றால் இரண்டு நாள், சோயா மெழுகு என்றால் ஒன்று முதல் இரண்டு வாரம் ஆறவிட்டுப் பிறகு கொளுத்துங்கள். சோயா மெல்ல மெல்லத்தான் இறுகும். மறுநாளே சோதித்துவிட்டுத் திரியைக் குறை சொல்வது வழக்கமாக நடக்கும் தவறு.

திரியை 6 மில்லிமீட்டருக்கு நறுக்கி, டம்ளரோடு எடை பார்த்து எழுதி, காற்றாடி இல்லாத அறையில் 4 மணி நேரம் எரியவிட்டு அணைத்து, ஆறியதும் மறுபடி நிறுங்கள். 420 கிராமாக இருந்தது 398 ஆகியிருந்தால் 22 கிராம் போயிருக்கிறது, மணிக்கு 5.5 கிராம். 160 கிராம் சுமார் 29 மணி நேரம் வரும். கண்ணால் பார்த்துச் சொல்வதைவிடச் சமையலறைத் தராசு சொல்வது நம்பகமானது. இதே சுழற்சியை டம்ளர் தீரும்வரை செய்யுங்கள்.

முதல் நாலு மணி நேரத்தில் குளம் டம்ளர் சுவரைத் தொடவில்லை, ஓரத்தில் 4, 5 மி.மீ. மெழுகு ஒட்டியிருக்கிறது என்பதற்காக உடனே தடித்த திரிக்குப் போகாதீர்கள். சுடர் கீழே இறங்க இறங்க டம்ளருக்குள் சூடு தேங்கும், விட்ட மெழுகு தானே உருகிச் சேரும். முதல் நாளிலேயே சுவரைத் தொடும் திரி, பாதிக்குக் கீழே போனதும் டம்ளரைக் கொதிக்கவைக்கும். பாதியிலும் கடைசி மூன்றில் ஒரு பங்கிலும் எப்படி எரிகிறது என்பதுதான் தீர்ப்பு. குளத்தின் ஆழம் 6 முதல் 12 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். டம்ளரின் வெளிப்புறத்தைக் கையால் பிடிக்க முடியாத அளவுக்குச் சுட்டால், சுடர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் திரி தள்ளுபடி.

டம்ளர் இல்லாத தூண் மெழுகுவர்த்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஓரத்தில் அரை செ.மீ. சுவர் உருகாமல் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் குளம் உடைந்து மேசையில் வழியும். அதே விட்டத்துக்கு டம்ளரில் வைப்பதைவிடச் சிறிய திரி போதும்.

விட்டம் 9, 10 செ.மீ.யைத் தாண்டினால் ஒரே தடித்த திரியை வைப்பதைவிட இரண்டு சிறிய திரி மேல். 10 செ.மீ. பாத்திரத்துக்கு, 5 செ.மீ. விட்டத்துக்கான திரி இரண்டு. சுவரிலிருந்து இரண்டரை செ.மீ. தள்ளி, எதிரெதிரே வையுங்கள். இரண்டு சுடரும் ஒன்றையொன்று சூடாக்குவதால் சந்தேகம் வந்தால் சிறியதையே எடுங்கள்.

நம் ஊருக்கு ஒரு திருத்தம். குளிர்நாட்டு அட்டவணைகள் 20 டிகிரியை ஒட்டிய அறைகளை மனதில் வைத்துச் சொல்பவை. சித்திரை வெயிலில் 36, 38 டிகிரி அறையில், 50 டிகிரியில் உருகும் சோயா மெழுகு ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டது. அதே திரி இன்னும் அகலமான, ஆழமான குளத்தை உண்டாக்கும். மே மாதத்தில் சோதித்துச் சரியாக வந்த திரி மார்கழியில் சற்று மந்தமாக எரியலாம், அதில் ஆபத்து இல்லை. மார்கழியில் தேர்ந்தெடுத்தது மேயில் டம்ளரைச் சுட்டுவிடும். விற்பனைக்குச் செய்பவர்கள் கோடையில் ஒரு முறையாவது சோதிக்காமல் விற்கக் கூடாது.

கோளாறைப் படிப்பது

நடுவில் மட்டும் கிணறுபோல இறங்கி ஓரத்து மெழுகு நிற்பது: திரி சிறிது. அல்லது முதல்முறையே அரை மணியில் அணைத்துவிட்டீர்கள். முதல் தடவை விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஒரு மணி நேரம் எரியவிட வேண்டும், 7.5 செ.மீ. டம்ளருக்கு மூன்று மணி. அடுத்த முறையும் குளம் பழைய வட்டத்தையே பிடித்துக்கொள்ளும் என்பதுதான் சிக்கல். பள்ளம் விழுந்துவிட்டால் டம்ளர் வாயை அலுமினியத் தாளால் மூடி, நடுவில் சுடர் மூச்சுவிட மூன்று விரல் அகலத்துக்குத் துளை விட்டு, பக்கத்திலேயே இருந்து ஒரு மணி நேரம் எரியவிடுங்கள். சூடு உள்ளே தங்கி ஓரம் உருகும். தாளைக் கையால் எடுக்காதீர்கள், சுடும்.

நுனியில் காளான் மாதிரிக் கரிக்கட்டி: மெழுகு அதிகமாக ஏறுகிறது. திரி பெரிது, அல்லது வாசனை எண்ணெய் அளவு மீறியது, அல்லது 4 மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் எரிந்தது. உள்கம்பித் திரியில் சிறு காளான் இயல்பு. அணைத்து, ஆறியபின் நறுக்கினால் போதும். நறுக்கிய துண்டு குளத்தில் விழுந்தால் எடுத்துவிடுங்கள், அது இரண்டாவது திரியாகப் பற்றிக்கொள்ளும்.

சுடர் மெலிந்து மெலிந்து தானே அணைவது: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிறிய சுடரைப் பார்த்ததும் திரி சிறிது என்று முடிவுகட்டக் கூடாது. குளத்தைப் பாருங்கள். குளம் ஆழமாக இருந்து திரி முங்கியிருந்தால், உருகுவதை உறிஞ்சிமுடிக்கத் திரியால் இயலவில்லை, அல்லது மிகவும் ஒட்ட நறுக்கிவிட்டீர்கள். அணைத்துவிட்டு, உருகிய மெழுகைக் கொஞ்சம் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். குளமே இல்லாமல் சுடர் மெலிந்தால் திரி அடைத்திருக்கிறது. குழந்தைகளின் கிரேயானை உருக்கி நிறம் சேர்த்த மெழுகுவர்த்திகளில் இது நிச்சயம் நடக்கும். கிரேயானின் நிறப்பொடி மெழுகில் கரையாது, மிதக்கும். திரி அதை உறிஞ்சி உச்சியில் சேர்த்துத் தானே அடைத்துக்கொள்ளும். மெழுகில் கரையும் சாயத்தை வாங்குங்கள்.

சுடர் துள்ளுவதும் புகைவதும்: முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு திரியை. சுடர் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கச் சுவர் உருகி உடைகிறது. குளம் வழிந்தோடுகிறது. குளம் வற்றினால் திரி அதிகம் வெளியே நீட்டிக்கொள்கிறது, சுடர் வளர்கிறது, மேலும் உருகுகிறது. கரண்ட் போன நேரத்தில் மின்விசிறி ஓடாது என்றாலும், ஜன்னலோரத்தில் வைத்த மெழுகுவர்த்தி பாதி நேரத்தில் தீர்ந்து, பாதி மெழுகு தட்டில் கிடப்பது இப்படித்தான்.

அடியும் அணைப்பும்

திரியின் அடியில் மாட்டும் தகர வில்லையை வெறும் பிடிமானம் என்று நினைத்து மலிவானதை வாங்காதீர்கள். அதன் நடுவில் சில மி.மீ. உயரமுள்ள கழுத்து இருக்க வேண்டும். கடைசி மெழுகு திரிக்குள் ஏறாமல் தடுத்துச் சுடரை அணைப்பது அந்தக் கழுத்து. அது இல்லாவிட்டால் சுடர் கண்ணாடியின் அடியைத் தொட்டு டம்ளரைப் பிளக்கும். எப்படியிருந்தாலும் அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். வில்லையை ஒட்டும்போது சரியாக நடுவில் வையுங்கள். ஊற்றிய பிறகு மேலே ஒரு குச்சியை இரண்டாகப் பிளந்து திரியை அதில் கவ்வி, மெழுகு இறுகும்வரை நேராகப் பிடித்துவையுங்கள். திரி ஒரு செ.மீ. சாய்ந்தால் ஒரு பக்கக் கண்ணாடி கரியாகும், மறுபக்க மெழுகு அப்படியே நிற்கும்.

அணைக்கும்போது ஊதாதீர்கள். வளைந்த ஒரு கம்பியால் திரியைக் குளத்துக்குள் அமுக்கி உடனே நிமிர்த்துங்கள். புகை வராது, திரி புதிதாக மெழுகு குடித்துக்கொள்ளும், அடுத்த முறை ஒரே குச்சியில் பற்றும். கொளுத்துவதற்கு முன் மறுபடி 6 மி.மீ.க்கு நறுக்குங்கள். மரத்திரி என்றால் 3 மி.மீ. போதும், கருகிய பாகத்தைக் கையாலேயே கிள்ளிவிடலாம்.